தகலாகுத் தெய்வங்களின் பெயர்களை மூலம் வரை தேடிப் படிப்பது எப்படி

பிலிப்பைன்சின் லூசோன் தீவில் வாழும் தகலாகு மக்கள் ஸ்பானியர் வருகைக்கு முன் வணங்கிய தெய்வங்களைப் பற்றி இன்று தேடினால், தந்தை, மகள், மகன் என முறையாக வரைந்த குடும்ப மரங்களே முதலில் கிடைக்கும். அவற்றை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு பெயரும் எந்தப் பழைய பதிவில், எந்த மக்களுக்குரியதாக வருகிறது என்று பார்ப்பதே சரியான தொடக்கம். வேறொரு மக்களின் தெய்வத்தையோ, பிற்காலத்தார் இணைத்த உறவையோ தகலாகு மரபென்று எழுதினால் இரு தரப்பாரின் நினைவையும் நாம் கலைத்துவிடுகிறோம்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது, பிரான்சிஸ்கன் துறவி ஹுவான் தே பிளாசென்சியா 1589இல் எழுதிய, தகலாகு வழக்கங்கள் பற்றிய அறிக்கை. அதோடு 1590ஆம் ஆண்டை ஒட்டி உருவான, இப்பகுதி மக்களைப் படங்களோடு விவரிக்கும் ஸ்பானியக் கையெழுத்து நூலான பாக்சர் சுவடியையும், பெத்ரோ தே சான் புவெனவெந்துரா தொகுத்து 1613இல் லகூனாப் பகுதியின் பிலா ஊரில் அச்சான தகலாகு அகராதியையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் பதிவுக்குப் பதிவு மாறும் என்பதால், பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து ஒலியைக் கொண்டு தேடுவது நல்லது.

பிளாசென்சியா தலைமையாகக் குறிப்பிடும் பெயர் பத்ஹாலா. எல்லாவற்றையும் படைத்தவன் என்ற பொருள் அதற்கு இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். இப்பெயர் 'பட்டார' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் கல்வெட்டுகளில் இறைவனையும் சமண முனிவரையும் குறிக்கும் பட்டாரர், படாரர் என்பனவும் அதே சொல்லின் வடிவங்களே. ஆனால் சொல் பொதுவானது என்பதால் தெய்வமும் ஒன்றே என்று முடிவுகட்டக் கூடாது. மக்கள் அன்றாடத் தேவைக்கு நாடியது பெரும்பாலும் 'அனித்தோ' எனப்பட்ட ஆவிகளையும் முன்னோரையும்தான். பாக்சர் சுவடி அவற்றைப் பத்ஹாலாவின் ஏவலராகக் காட்டுகிறது.

அடுத்து, பெயரோடு இணைந்த தொழிலையும் சடங்கையும் தேடுங்கள். லகபாத்தி, இதியனாலே இருவரும் விளைநிலத்துக்கும் உழவுக்கும் உரியவர்கள். தியான் மசலாந்தா காதலருக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியவர் என்று பிளாசென்சியா சொல்கிறார். இவர்களுள் லகபாத்தியைப் பற்றி அகராதி ஒரு வேண்டுதலையே காத்துத் தந்திருக்கிறது: 'லகபாத்தி, பகானின் மோ யாரிங் அலிபின் மோ, ஹுவாக் மோங் குதுமின்.' உன் அடிமையாகிய எனக்குச் சோறு கொடு, பட்டினி போடாதே என்பது பொருள். 'அலிபின்' அடிமையைக் குறிக்கும் சொல். 'அடியேன்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தக் குரல் விளங்கும். எத்தனை குடும்ப மரங்களை வாசித்தாலும் இந்த ஒரு வரி தருவதை அவை தருவதில்லை என்றே கருதுகிறேன்.

'பந்தோத்' எனப்பட்ட விழாவையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். அதற்கெனத் தனிக் கோயில் இல்லை. தலைவரின் பெரிய வீட்டின் இருபுறமும் தற்காலிகக் கூரை இறக்கி, தூண்களில் சிறு விளக்குகளும் நடுவில் வெண்பனை ஓலை கொண்டு அணிசெய்த பெருவிளக்கும் ஏற்றி, பெரிதும் சிறிதுமான பறைகளை முழக்கி நான்கு நாள் வழிபட்டார்கள். அந்த நாட்களில் மட்டும் அவ்வீடு 'சிம்பஹான்' ஆனது. இன்று கிறித்தவத் தேவாலயத்துக்குத் தகலாகுவில் வழங்கும் பெயரும் அதுவே.

பதிவில் இல்லாததையும் குறித்துக்கொள்ளுங்கள். கதிரவனை அதன் அழகுக்காகவும், நிலவைச் சிறப்பாகப் பிறையின்போதும் போற்றினார்கள் என்று எழுதும் பிளாசென்சியா, விடிவெள்ளியைத் 'தாலா' என்றும் கார்த்திகை மீன்கூட்டத்தோடு தொடர்புடைய பருவமாற்றத்தை 'மபோலோன்' என்றும் பெயர் சொல்கிறார்; ஆனால் கதிரவனுக்கு அபோலாக்கி என்றோ நிலவுக்கு மயாரி என்றோ பெயர் தரவில்லை. அபோலாக்கி பங்கசினான் மக்களின் போர்த்தெய்வமாகப் பழைய பதிவில் வருபவர். அபோலாக்கியும் மயாரியும் சண்டையிட்ட கதை பம்பாங்கா மக்களுடையதாகத் திரட்டப்பட்டது. ஆகவே மயாரியைப் பற்றி எழுதும்போது பம்பாங்காக் கதை என்று இடத்தைச் சொல்லி எழுதுங்கள்.

இறுதியாக, பதிவு செய்தவரின் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிளாசென்சியா தம் சமயப் பார்வையில் இவற்றைப் பேய்வழிபாடு என்று தீர்ப்பளித்தே எழுதினார். தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, என்ன செய்தார்கள், எதைச் சொன்னார்கள் என்பதை மட்டும் தனித்தாளில் எடுத்தெழுதுங்கள். அப்படிச் செய்தால் இன்னொரு குழப்பமும் தெளியும்: இன்றைய பட்டியல்களில் தீய தெய்வங்களாக நிற்கும் மங்ககாவாய், மங்குகுலாம், ஹுக்லுபான் ஆகியோர், அவருடைய அறிக்கையில் பூசாரிகள், சூனியக்காரர் என அவர் பட்டியலிட்ட 12 வகையினருள் அடங்கும் மனிதர்களே.