குடிவராதவருக்கு ஓட்டில்லை: வீடு, பஸ் என்று பேசி நகர மன்றத் தேர்தலில் நிற்பது எப்படி

முதல் தடவை நகர மன்றத் தேர்தலில் நின்றபோது 140 ஓட்டில் தோற்றேன். அடுத்த தடவை ஜெயித்தேன். இரண்டு தடவையும் பேசிய விஷயம் ஒன்றுதான்: வீடு, போக்குவரத்து, ஊர் எந்தப் பக்கம் எப்படி வளர வேண்டும் என்பது. பேசிய விதம்தான் மாறியது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். மனு போடுவது, படிவம் நிரப்புவது, செலவுக் கணக்கு காட்டுவது எல்லாம் தேர்தல் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். கடைசித் தேதியை மட்டும் மறக்காதீர்கள்.

வீட்டுப் பிரச்சினையைப் பேசி ஓட்டுக் கேட்பவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. புது வீடுகள் கட்டினால் பலன் அடையப் போகிறவர்கள் இன்னும் உங்கள் வார்டுக்குக் குடிவரவே இல்லை. அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் கிடையாது. தூசி, சத்தம், வெளிச்சம் மறைவது, தெருவில் வண்டி நிறுத்த இடம் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. ஓட்டும் அவர்களுக்கே. சாலைக் குழியைப் பற்றிப் பேசுகிற வேட்பாளருக்கு இந்தத் தொல்லை இல்லை. குழியில் விழுகிறவரும் ஓட்டுப் போடுகிறவரும் அங்கே ஒரே ஆள்தான்.

ஒரு வருஷம் முன்னாலேயே

மன்றக் கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். பேச வேண்டாம், ஒரு நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மன்றமே முடிவெடுப்பது ஒன்று, மேலே இருப்பவர்களிடம் மன்றம் சொல்லிப் பார்க்கக்கூடியது ஒன்று, மன்றத்துக்குச் சம்பந்தமே இல்லாதது ஒன்று. பல ஊர்களில் பஸ் ஓட்டுவது நகர மன்றம் இல்லை, தனி போக்குவரத்து ஆணையம். வாடகைச் சட்டம் மன்றத்தின் கையில் இருக்காமல் மேல் அரசின் கையில் இருக்கலாம். ஆனால் எந்த மனையில் எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை பார்க்கிங் என்பது பெரும்பாலும் மன்றத்தின் மேஜைக்கே வரும். சாலையில் பஸ்ஸுக்கென்று தனியாக ஒதுக்கும் தடம், நடைபாதை, நகரத்துக்குச் சொந்தமான காலி நிலம் இவையும் அப்படித்தான்.

இந்தப் பாடத்தை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் நோட்டீஸில் 'வாடகையைக் குறைப்பேன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். வேட்பாளர்கள் விவாதத்தில் எதிரே இருந்தவர் நிதானமாக, "எந்த அதிகாரத்தில்?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் போன ஓட்டு எத்தனை என்று தெரியாது, 140-க்கு மேல் இருக்கும் என்பது என் கணக்கு.

கட்டட விதிகளைப் படியுங்கள் என்றால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். முழுதும் வேண்டாம், பார்க்கிங் அட்டவணையில் ஆரம்பியுங்கள். எங்கள் விதியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கும் இரண்டு கார் நிறுத்தும் இடம் கட்டாயம் என்று இருந்தது. ஒரு கார் நிற்க சுமார் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். உள்ளே வந்து திரும்பிப் போக வழியும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர். இரண்டு காருக்கு 60. நான் ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய்ப் பொதுப் பார்க்கிங்கில் அந்த அளவைத் தரையில் கோடு போட்டேன். அதற்குள்ளேயே படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று கட்டம் வரைந்தேன். வீடே அடங்கிவிட்டது. அந்தப் போட்டோ பத்துப் பக்க அறிக்கையை விட அதிகம் பேசியது. இந்த விஷயத்தைப் பல காலம் ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் குறைந்தபட்ச பார்க்கிங் விதியையே எடுத்துவிட்டது. காரே கூடாது என்பதல்ல இதன் பொருள். எத்தனை வேண்டும் என்பதைக் கட்டுகிறவரும் குடியிருப்பவரும் முடிவு செய்துகொள்ளட்டும் என்பதுதான்.

ஓட்டை எண்ணுங்கள்

உள்ளாட்சித் தேர்தலுக்குப் பல ஊர்களில் கூட்டம் குறைவாகத்தான் வரும். உதாரணத்துக்கு 12,000 வாக்காளர், போன தடவை ஓட்டுப் போட்டவர்கள் 4,000 என்று வையுங்கள். இருவர் போட்டி என்றால் 2,001 போதும். அந்த எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் 12 முதல் 15 கதவு தட்டலாம், பாதி திறக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எத்தனை மாதம் நடக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மலைப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற காரியம்தான்.

போனில் கூப்பிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நேரில் போய்ப் பேசியது ஓட்டுப் போட வருகிறவர்களைத் தெளிவாகக் கூட்டியது. போன் அழைப்பால் அப்படிப் பலன் தெரியவில்லை. என் அனுபவமும் அதேதான். நல்ல செருப்பு வாங்குங்கள்.

கதவு திறந்த பிறகு

முதல் தேர்தலில் கதவு திறந்ததும் நான் பேச ஆரம்பித்துவிடுவேன். 'நிலைத்த வளர்ச்சி' என்பேன், 'அடர்த்தி' என்பேன். கேட்பவர் கண் மெதுவாக என் தோளுக்குப் பின்னால் தெருவுக்குப் போகும்.

இரண்டாவது தடவை ஒரே கேள்வியோடு போனேன்: "இந்தத் தெருவில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?" அப்புறம் சும்மா நின்றேன்.

மூலை மனையில் வர இருந்த நான்கு மாடி அபார்ட்மெண்டுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவர், கதவைத் திறக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. முப்பத்தொரு வருஷமாக இதே வீடு என்றார். பிள்ளைகள் போய்விட்டார்கள், மாடியில் மூன்று அறை பூட்டியே கிடக்கிறது.

"முட்டி போயிடுச்சும்மா. மாடிக்குப் போய் ரெண்டு மாசம் ஆகுது. சின்னதா, கீழேயே ஒரு வீடு இதே தெருவுல கிடைச்சா நாளைக்கே போயிடுவேன். வேற ஏரியாவுக்கு மட்டும் போக மாட்டேன், தெரிஞ்ச முகமெல்லாம் இங்கதானே."

"மூலையில வரப்போற கட்டடத்துல அப்படி வீடுதானேம்மா இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. கையெழுத்து வாங்க வந்தவர்கள் சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அதுல லிஃப்ட் உண்டா?"

அன்றிரவே நோட்டீஸை மாற்றினேன். 'வீட்டு வசதியை அதிகரிப்போம்' போய், 'லிஃப்ட் உள்ள சின்ன வீடு, இதே தெருவில்' என்று வந்தது. இன்னும் குடிவராதவர்களுக்காக ஓட்டுக் கேட்டால் யாரும் போட மாட்டார்கள். குடியிருப்பவர்களில் யார் நாளைக்கு வேறு வீடு தேடப் போகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். முட்டி வலிக்கிறவர், கல்யாணமான மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைக்கிறவர், வாடகை ஏறும் என்று பயப்படுகிறவர் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். வாடகைக்காரர்கள் பலர் முகவரி மாறிப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களைச் சேர்க்கும் கடைசித் தேதி பெரும்பாலும் தேர்தலுக்குப் பல நாள் முன்னாலேயே முடிந்துவிடும், அதற்குள் அவர்கள் கதவைத் தட்டிவிடுங்கள்.

வெளியே வந்ததும் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுங்கள்: ஒன்று என்றால் நிச்சயம் போடுவார், மூன்று என்றால் யோசிக்கிறார், ஐந்து என்றால் போட மாட்டார். அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது.

எதிர்ப்பவரிடம்

அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லாதீர்கள். பாதிப் பேர் அந்த அம்மாவைப் போன்றவர்கள். 'கட்டடம் வந்தால் தெருவில் நெரிசல் வரும்' என்றால், கட்டுகிற காலத்தில் வரும், உண்மைதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: இதே குடும்பங்கள் ஊருக்கு வெளியே போய்க் குடியேறினால் தினமும் எந்தச் சாலை வழியாக வேலைக்கு வரும்? சாலையை அகலப்படுத்தினால் தீரும் என்பார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 2008 வாக்கில் சில இடங்களில் 26 தடம் வரை அகலப்படுத்தினார்கள். சில வருஷத்தில் நெரிசல் திரும்பி வந்துவிட்டது.

ஊர் பரந்துகொண்டே போவதன் செலவை விளக்கக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் தெருவில் ஐந்து வீடு இருந்தாலும் ஐம்பது வீடு இருந்தாலும் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் விளக்கும் அதே நூறு மீட்டர்தான். அதைப் பராமரிக்கும் செலவை ஐந்து பேர் பங்கு போடுவதா, ஐம்பது பேரா? 'நிலைத்த வளர்ச்சி' என்ற வார்த்தையை நான் அதற்குப் பிறகு வாசலில் சொன்னதே இல்லை.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு, நானும் காட்டினேன். தனி வீடு மட்டும்தான் என்றிருந்த பகுதிகளில் மூன்று குடித்தனம் வரை கட்டலாம் என்ற திட்டத்தை அந்த நகர மன்றம் 2018 டிசம்பரில் ஏற்றது. 2017 முதல் 2022 வரை அங்கே வீடுகள் 12 சதவீதம் கூடின. வாடகை ஏறியது 1 சதவீதம்தான், அதே மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் 14 சதவீதம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், புது வீடுகளில் பெரும்பகுதி அந்த மூன்று குடித்தனக் கட்டடங்களில் வரவில்லை, பெரிய அபார்ட்மெண்டுகளில் வந்தது. அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிராளி எடுத்துச் சொன்னால் அசிங்கம்.

பொதுக் கூட்டங்களில் எழுந்து பேசுகிறவர்களை மட்டும் பார்த்து ஊர் முழுக்க எதிர்ப்பு என்று நினைத்து மனம் தளராதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் கூட்டக் குறிப்புகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். பேசியவர்கள் மற்ற வாக்காளர்களை விட வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், பெரும்பாலும் புது வீடுகளை எதிர்ப்பவர்கள். இரவு ஷிஃப்டில் இருக்கும் நர்ஸ் மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? அப்படிப்பட்டவர்களிடம் நாலு வரி எழுதி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பஸ்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலை எளிது: ஒரு வாரம் ஒரே நிறுத்தத்தில் நில்லுங்கள். பஸ் வந்த நேரம், ஏறியவர் எண்ணிக்கை, நிழல் இருந்ததா, உட்கார இடம் இருந்ததா என்று எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாகக் கால் மணி நிற்கிறார். பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்றால் ஐந்தே நிமிஷம். ஹூஸ்டனின் போக்குவரத்து ஆணையம் 2015 ஆகஸ்டில் தன் பஸ் தடங்களை ஒரே நாளில் மாற்றியமைத்து, அடிக்கடி பஸ் வரும் தடங்களைக் கூட்டியது. புது ரயில் வாக்குறுதி கொடுப்பதை விட, இப்படிச் செய்யுங்கள் என்று ஆணையத்திடம் கேட்பது மன்றத்துக்கு எட்டுகிற காரியம்.

நெரிசலைக் குறைக்க நகருக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் யோசனை இருந்தால் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமைப் பாருங்கள். 2006-இல் ஏழு மாதம் சோதனையாக நெரிசல் கட்டணம் வாங்கினார்கள், நகருக்குள் நுழையும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முதலில் எதிர்த்த ஊர், அதே செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஆமாம் என்றது. 'முதலில் சோதனை, பிறகு வாக்கெடுப்பு' என்று சொல்வது 'செய்தே தீருவேன்' என்பதை விட வாசலில் நன்றாகப் போகும்.

பணமும் கடைசி நாளும்

மன்றத்தில் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் எந்தக் கட்டுமானக்காரரிடமும் நன்கொடை வாங்கவில்லை. சட்டம் அனுமதித்தாலும் வாங்காதீர்கள் என்பேன். வீடு கட்ட வேண்டும் என்று பேசுகிறவரிடம் முதல் கேள்வியே "யார் காசு?" என்பதுதான். "அவர்கள் காசு இல்லை" என்று ஒரு வரியில் முடிய வேண்டும்.

ஓட்டு நாளன்று புதிதாக யாரையும் மாற்ற முயலாதீர்கள். ஒன்று, இரண்டு என்று குறித்தவர்களை மட்டும் கூப்பிட்டு, போட்டாயிற்றா என்று கேளுங்கள். முந்தைய நாளே வாக்குச்சாவடியைப் போய்ப் பார்த்துவிடுங்கள். எங்கள் சாவடி முன்வாசலில் ஏழு படி இருந்தது. பின்பக்கம் சாய்தளம் உள்ள கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. தேர்தல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துத் திறக்க வைத்தேன். மூலைத் தெரு அம்மா காலை பத்து மணிக்கு அந்தக் கதவு வழியாகத்தான் போனார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.