சாலை விபத்தில் உயிர் போனபின் குடும்பங்கள் செய்கிற தவறுகள்

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை. விபத்து வழக்குக் கட்டுகளைப் பிரித்து அடுக்குவதுதான் பெரும்பாலும் என் பொழுது. ஒரு புதுக் கட்டு வந்தால் எல்லாரும் எஃப்.ஐ.ஆரைத் தேடுவார்கள், நான் முதலில் தேடுவது ஏ.ஆர். காப்பியை. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டூட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுகிற நாலைந்து வரி அது. அந்த நேரத்தில் குடும்பத்தில் யாரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். ரோட்டில் போன யாரோ ஒரு நல்ல மனிதர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டால், லாரி மோதியதை அவர் பார்க்கவில்லையே, "பைக்கோட கீழ விழுந்து கிடந்தாருங்க" என்பார். டாக்டர் "இருசக்கர வாகனத்திலிருந்து தானாக விழுந்ததாகத் தகவல்" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டு, மூன்று வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கையில் எடுப்பது அந்த ஒரே வரியைத்தான்.

அதை அழித்து எழுத முடியாது. ஆனால் அன்றைக்கே தெரிந்திருந்தால் சரிக்கட்ட வழி உண்டு. கொண்டு வந்து சேர்த்தவர் யார், அவர் மோதலைப் பார்த்தாரா இல்லையா, பார்த்தது யார் என்பதைப் போலீசிடம் வாக்குமூலமாகப் பதிய வைக்கலாம். அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். ஏ.ஆர். என்று ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்கு வழக்கு நம்பர் ஆனபிறகுதான் தெரியவருகிறது என்பதுதான் சங்கடம்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். "காரியமெல்லாம் முடியட்டும், பதினாறாம் நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். துக்கத்தில் அது நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் அந்தப் பதினாறு நாளில் கடை வாசல் கேமராவில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடலாம், டீக்கடையில் நின்று பார்த்தவர் வேலைக்காக வெளியூர் போய்விடலாம், மோதிய வண்டி பட்டறையில் டிங்கரிங் முடிந்து புதுசாக வெளியே வந்துவிடலாம். தாமதம் ஆனதற்காக மட்டும் வழக்கு தள்ளுபடி ஆகாது. ஆனால் "இன்சூரன்ஸ் இருக்கிற வண்டியாகப் பார்த்து அப்புறமாகச் சேர்த்திருக்கிறார்கள்" என்று வாதாட எதிர்த்தரப்புக்கு நாமே வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

புகார் கொடுக்கப் போவது பெரும்பாலும் தம்பியோ மைத்துனனோ, சம்பவத்தைப் பார்க்காத ஆள். ஸ்டேஷன் ரைட்டர் கேட்கக் கேட்க, பார்க்காததையும் பார்த்தது போலச் சொல்லிவிடுவார், "அண்ணன் ஓவர்டேக் பண்ணப் போயிருப்பார்னு நினைக்கிறேன்" என்பது வரைக்கும். நினைப்பது புகாரில் வேண்டாம். பார்த்தவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், எழுதியதை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டி நம்பரில் ஒரு எழுத்து மாறிப்போய், அதைத் திருத்த நாங்கள் மாசக்கணக்கில் அலைந்த கட்டுகள் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

இதற்கிடையில் வண்டிக்காரர் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். மிகவும் பணிவாகப் பேசுவார், அடக்கச் செலவுக்கு என்று ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ நீட்டுவார், கூடவே ஒரு பேப்பர். பணத்தை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அந்தப் பேப்பர்தான் விஷயம். "எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதியதிலோ, வெறும் பத்திரத்திலோ கையெழுத்துப் போட்டுவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. டிரைவர் மீதான கிரிமினல் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக டிரைவர் மேல் போடும் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். டிரைவர் விடுதலை ஆகிவிட்டார் என்பதற்காக இழப்பீடு தானாகப் போய்விடாது. அதை நம்பி கிளெய்மே போடாமல் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

காலக்கெடு பற்றிப் பழைய தகவலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது இன்னொன்று. விபத்து கிளெய்முக்கு நாள் கணக்கே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்குப் பிறகு ரொம்ப காலம் அது உண்மையாகவும் இருந்தது. 2019 திருத்தம் அதை மாற்றியது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்தக் கெடு செல்லாது என்று போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன, ஆனால் அடுத்தவர் போட்ட வழக்கை நம்பி நம் நாளைத் தவற விடுவானேன்? வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கிற ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் பெரிய தவறு. அதே சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி, யார் தப்பு என்று பார்க்காமலே இறப்புக்கு 5 லட்சம் கிடைக்கும். தப்பை நிரூபித்துக் கேட்பது 166ஆவது பிரிவு, அதில் உச்சவரம்பு கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி சமரசமாக நீட்டும் 164 தொகையை ஒத்துக்கொண்டு வாங்கிவிட்டால் 166 மனு அதோடு முடிந்துவிடும். கையில் வருகிற பணத்தை வாங்கிக்கொள்வோம், மீதியைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இறந்தவர் கொத்தனார், வயது 34, மாதம் 15,000 வருமானம், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. வருஷத்துக்கு 1,80,000. சொந்தத் தொழிலில் இருக்கும் 40 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, ஆக 2,52,000. சார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,89,000. இந்த வருஷத் தொகையை இறந்தவரின் வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 31 முதல் 35 வயதுக்கு அந்த எண் 16. மொத்தம் 30,24,000. இதற்கு மேல் துணையை இழந்ததற்கு, ஈமச் செலவுக்கு, சொத்து இழப்புக்கு என்று தனித்தனியாகக் கொஞ்சம் உண்டு.

இப்போது வருமானத்துக்கு ஆதாரம் எதுவும் காட்டவில்லை, தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 10,000 என்று எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். அதே கணக்கில் 20,16,000தான் வரும். பத்து லட்சத்துக்கு மேல் போய்விட்டது, வெறும் காகிதம் இல்லாததால். கொத்தனாருக்கு ஏது சம்பளச் சீட்டு என்பீர்கள். மேஸ்திரியின் கூலி நோட்டு, பாங்கு பாஸ்புக், நலவாரிய அட்டை, குழுக் கடனுக்கு மாசாமாசம் கட்டிய தவணை, வேலை கொடுத்தவர் கோர்ட்டில் வந்து சொல்லும் சாட்சி, எல்லாம் உதவும். நான் பார்த்த ஒரு கட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது, சிமெண்ட் கறை படிந்தது, தேதி போட்டு "வாங்கியது 700" என்று வரிவரியாக. அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது இறந்தவரின் மூத்த பெண், எட்டாவது படிக்கிற பிள்ளை.

வயதும் அப்படித்தான். 35 என்றால் 16, 36 என்றால் 15. மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு வயதின் விலை 1,89,000. ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி பல பேருக்கு ஏதோ ஒரு ஜனவரி 1. பள்ளி மாற்றுச் சான்றில் சரியான தேதி இருந்தால் அதைத் தேடி எடுங்கள். வயதுக்கு ஆதாரைவிடப் பள்ளிச் சான்றே சிறந்தது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

இறந்தது வீட்டில் இருந்த அம்மா என்றால் "அவங்க சம்பாதிக்கலையே" என்று குடும்பமே குறைத்துக் கேட்கிறது. எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். வீட்டு வேலைக்கு மதிப்புப் போட்டு வருமானமாகக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொன்னபிறகும் வீட்டு ஆண்களுக்கு அது ஏறவில்லை.

மாமியார் மருமகள் சண்டையில் ஒருவர் பெயரை விட்டுவிட்டு மனுப் போடுவதும் நடக்கிறது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் இருக்கிற எல்லாரும் வழக்கில் இருக்க வேண்டும். கூட வர மறுப்பவரை எதிர்மனுதாரராகவாவது சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பணம் வரும் நேரத்தில் புது வழக்கு முளைக்கும். எல்.ஐ.சி. பணம், பி.எஃப்., குடும்பப் பென்ஷன் இதையெல்லாம் சொன்னால் இழப்பீட்டில் கழித்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம், அவற்றைக் கழிப்பதில்லை.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் ஒன்றுமே கிடைக்காது என்று நினைப்பவர்கள், ஹிட் அண்ட் ரன் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம் உண்டு என்பதை விட்டுவிடுகிறார்கள். 2022 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகை. மனுவைத் தாலுகா அளவில் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார்கள், தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. இன்னொன்று, இறந்தவர் தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டித் தன் தவறால் விழுந்திருந்தால் 166ல் கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் பாலிசியில் ஓனர் டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், பிரீமியம் கட்டியிருந்தால் அது 15 லட்சம். லைசென்ஸ் செல்லுபடியில் இருந்திருக்க வேண்டும். பாலிசிப் பேப்பர் பெரும்பாலும் பைக் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

வக்கீல் விஷயத்தைப் பற்றி நானே சொல்வது கொஞ்சம் தர்மசங்கடம், இருந்தாலும் சொல்கிறேன். மார்ச்சுவரி வாசலிலேயே வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்க வருகிற ஆளிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வருவதில் இத்தனை சதவீதம்" என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. கையில் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள், போன் நம்பர் 15100. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது நல்ல வழிதான், சீக்கிரம் பணம் வரும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டபின் மேல்முறையீடு கிடையாது, அதனால் மேலே போட்ட கணக்கை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தீர்ப்பாயத் தீர்ப்பு குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

பணம் வந்தபின் பிள்ளைகள் பங்கை அவர்களுக்கு 18 வயதாகும் வரை பாங்கில் டெபாசிட்டாகப் போட்டுவிடுவார்கள். அதை வைத்துக் கடன் வாங்கித் தருகிறேன், எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவரை நம்பாதீர்கள். பள்ளிக் கட்டணம், ஆபரேஷன் என்று நிஜத் தேவை வந்தால் ரசீதை இணைத்து அதே தீர்ப்பாயத்தில் ஒரு மனுப் போட்டு, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம்.