முதுகெலும்பு அறுவைசிகிச்சை ஆய்வுகளைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

முதுகில் அறுவைசிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலோர் முதலில் செய்வது இணையத்தில் தேடுவதுதான். தேடினால் கிடைப்பவையோ ஒன்றோடொன்று முரண்படும் செய்திகள். அறுவைசிகிச்சையால் பயன் உண்டு என்கிறது ஓர் ஆய்வு, வேறுபாடே இல்லை என்கிறது இன்னொன்று. இரண்டுமே நேர்மையாக நடத்தப்பட்டவையாக இருக்கலாம், இரண்டுமே தத்தம் அளவில் சரியாகவும் இருக்கலாம். அவற்றைப் படிப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. எந்த ஆய்விலும் முதலில் தேட வேண்டியது, நோயாளிகள் யாரோடு ஒப்பிடப்பட்டார்கள் என்பதையும் அந்த இரு தரப்பினரும் எந்த அளவுக்கு நம்மைப் போன்றவர்கள் என்பதையும்தான். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாம் அதன் விரிவே.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது கட்டுப்பாடின்றிக் கழிவது, மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதி மரத்துப்போவது, கால்களின் பலம் வேகமாகக் குறைவது ஆகிய அறிகுறிகளில் எது தோன்றினாலும் ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம், அது சில மணி நேரங்களுக்குள் கவனிக்க வேண்டிய அவசர நிலை. கடும் காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாகத் தோன்றும் முதுகுவலியும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. கீழே சொல்வதெல்லாம் யோசிக்க அவகாசம் உள்ளவர்களுக்கே பொருந்தும்.

முதலில் உங்கள் நோயின் பெயரைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"முதுகுவலி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆய்வு தேடினால் பயன் இருக்காது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் சயாட்டிகா வலி, வயதின் காரணமாகத் தண்டுவடக் குழாய் குறுகுவது, ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் முன்னோக்கி நழுவுவது, எலும்பு மெலிவால் முள்ளெலும்பு நொறுங்குவது, வளரும் பருவத்தில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ், குறிப்பிட்ட காரணம் தெரியாத நாட்பட்ட இடுப்புவலி ஆகியவை வெவ்வேறு நோய்கள். ஒன்றில் பயன் தந்த சிகிச்சை இன்னொன்றில் பயன் தராமல் போகலாம். எனவே மருத்துவரிடம் நோயின் பெயர், முதுகெலும்பின் எந்த மட்டத்தில் உள்ளது, வலி காலில் அதிகமா முதுகில் அதிகமா, எத்தனை வாரமாக உள்ளது என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையை மட்டும் நோயின் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 1994-இல் வெளியானது. அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மட்டத்திலாவது இடைத்தட்டு வீக்கம் காணப்பட்டது. வலியில்லாத 3,110 பேரின் படங்களை ஒன்றுதிரட்டி 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இடைத்தட்டுத் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காடாகவும் 80 வயதினரில் 96 விழுக்காடாகவும் இருந்தது. அறிக்கையில் "தேய்மானம்" என்ற சொல்லைப் பார்த்ததுமே அஞ்சிவிடும் ஒவ்வொருவருக்கும் இந்த எண்களைச் சொல்லியாக வேண்டும் என்று கருதுகிறேன். படத்தில் தெரியும் மாற்றம், வலி வரும் இடம், மருத்துவர் பரிசோதித்துக் கண்ட நரம்புக் குறைபாடு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்த மாற்றத்தை வலிக்குக் காரணமாகக் கொள்ளலாம்.

யாரோடு ஒப்பிட்டார்கள்?

மருத்துவ ஆய்வுகளைத் தேட பப்மெட் என்ற இலவசத் தரவுத்தளம் போதும். நோயின் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் சேர்த்துத் தேடி, சீட்டுக் குலுக்கல் போல நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வுகளையும், அத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரைகளையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தோடு நின்றுவிடாமல் "முறைகள்" பகுதியைத் திறந்து, அறுவைசிகிச்சை செய்யப்படாத குழுவுக்கு என்ன சிகிச்சை தரப்பட்டது என்பதைக் கண்டுபிடியுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நாட்பட்ட இடுப்புவலிக்காக முள்ளெலும்புகளை அசையாதபடி ஒன்றாகச் சேர்க்கும் எலும்பிணைப்பு அறுவைசிகிச்சை நல்ல சான்று. ஸ்வீடனில் 294 பேரை வைத்து நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அறுவைசிகிச்சைக் குழுவில் முதுகுவலி 33 விழுக்காடு குறைந்திருந்தது, மற்றக் குழுவில் 7 விழுக்காடுதான் குறைந்திருந்தது. பிரிட்டனில் 349 பேரோடு நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இரு குழுக்களுமே கணிசமாக முன்னேறின, இடைவெளியோ மிகச் சிறியது. ஸ்வீடனில் ஒப்பீட்டுக் குழு பெற்றது வழக்கமான பிசியோதெரபி. பிரிட்டனில் பெற்றதோ உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய அச்சத்தைக் களையும் உளவியல் பயிற்சியையும் இணைத்து, வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம் நடத்திய தீவிர மறுவாழ்வுப் பயிற்சி. ஆகவே "பிசியோதெரபி செய்து பார்த்துவிட்டேன், பயன் இல்லை" என்று சொல்வதற்கு முன், செய்து பார்த்தது இவ்விரண்டில் எதைப் போன்றது என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

சில நேரங்களில் ஒப்பீடு போலிச் சிகிச்சையோடு நடக்கும். நொறுங்கிய முள்ளெலும்புக்குள் எலும்புச் சிமெண்டைச் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி முறை பல ஆண்டுகள் பரவலாகச் செய்யப்பட்டது. நோயாளிகள் உடனே நிம்மதி அடைந்ததாகவும் சொன்னார்கள். 2009-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வெளியாயின. ஆஸ்திரேலியாவில் 78 பேரிடமும், பல நாடுகளில் சேர்த்து 131 பேரிடமும் நடத்திய அந்த ஆய்வுகளில் பாதிப் பேருக்குச் சிமெண்ட் செலுத்தாமல், செலுத்தியது போன்ற சூழலை மட்டும் ஏற்படுத்தினார்கள். இரு தரப்பிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. எலும்பு முறிந்து ஆறு வாரத்துக்குள் உள்ள, வலி கடுமையான நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து 2016-இல் வெளியிடப்பட்ட மற்றொரு ஆஸ்திரேலிய ஆய்வு பயன் உண்டு என்றது. 2018-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு மீண்டும் வேறுபாடு இல்லை என்றது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

குழு மாறியவர்கள் எத்தனை பேர்?

அறுவைசிகிச்சை ஆய்வுகளில் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மாத்திரை ஆய்வில் ஒதுக்கிய குழுவிலேயே நோயாளி பெரும்பாலும் நீடிப்பார். வலியால் துடிப்பவரை "நீங்கள் அறுவைசிகிச்சை இல்லாத குழு" என்று சொல்லித் தடுத்து நிறுத்த முடியாது, தடுப்பது அறமும் ஆகாது. அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்த ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வின் இடைத்தட்டுப் பிதுக்கம் பற்றிய பகுதி 2006-இல் வெளியானது. குலுக்கலில் அறுவைசிகிச்சை விழுந்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் உண்மையில் அதைச் செய்துகொண்டவர்கள் 60 விழுக்காட்டினர்தாம். வேண்டாம் என்ற பக்கம் விழுந்தவர்களிலோ 45 விழுக்காட்டினர் செய்துகொண்டார்கள். ஒதுக்கிய குழுவின்படி கணக்கிட்டால் வேறுபாடு சிறியது, உண்மையில் பெற்ற சிகிச்சையின்படி கணக்கிட்டால் அறுவைசிகிச்சையின் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. முதல் கணக்கு பயனைக் குறைத்துக் காட்டக்கூடும். இரண்டாவதில், குழு மாறியவர்கள் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களாக இருந்திருக்கலாம் என்ற சிக்கல் உண்டு. ஆய்வின் "முடிவுகள்" பகுதியில் குழு மாறியோர் விழுக்காடு எங்கே உள்ளது என்று தேடி, அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தலைப்பில் உள்ள முடிவை அப்படியே ஏற்காமல் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கடும் சயாட்டிகாவால் அவதிப்பட்ட 283 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். விரைந்து அறுவைசிகிச்சை பெற்றவர்கள் விரைவில் குணமடைந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்ததாகத் தெரிவித்தார்கள். காத்திருக்கச் சொன்ன குழுவில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். கனடாவில் 2020-இல் வெளியான ஆய்வோ வலி தொடங்கி நான்கு முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆன 128 பேரைப் பற்றியது. அங்கே ஆறு மாதத்துக்குப் பின் கால்வலி, பத்துக்கு, அறுவைசிகிச்சைக் குழுவில் 2.8 ஆகவும் மற்றக் குழுவில் 5.2 ஆகவும் இருந்தது. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால், தொடக்க வாரங்களில் காத்திருப்பது பலருக்கு நியாயமான வழி என்பதும், பல மாதங்கள் கடந்தும் வலி குறையாதவருக்கு அந்த அறிவுரையையே திரும்பத் திரும்பச் சொல்வது நியாயமாகாது என்பதும் விளங்கும்.

வேறுபாடு எவ்வளவு பெரியது?

முதுகெலும்பு ஆய்வுகளில் அதிகம் வரும் அளவுகோல் ஓஸ்வெஸ்ட்ரி. வலியின் அளவு, தன் வேலைகளைத் தானே செய்தல், பாரம் தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறக்கம், தாம்பத்தியம், சமூக வாழ்க்கை, பயணம் எனப் பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தத்தை இரண்டால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு இயலாமை என்பது கிடைக்கும். இந்த வினாப் படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். உங்களுக்கு 24 வந்து, ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் சராசரி 45 என்றால், அந்த ஆய்வு உங்களைவிட மோசமான நிலையில் இருந்தவர்களைப் பற்றியது. ஏறத்தாழ பத்துப் புள்ளி மாறினால்தான் நோயாளி அன்றாட வாழ்வில் மாற்றத்தை உணர்கிறார் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட அளவு. மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் இரு குழுக்களுக்கும் இடையே இருந்தது 4.1 புள்ளி. புள்ளியியல்படி அது தற்செயலானது அல்ல என்று காட்ட முடிந்தாலும், ஒரு பெரிய அறுவைசிகிச்சையின் ஆபத்துகளை ஏற்றுக்கொள்ளப் போதுமானதா என்பது வேறு கேள்வி.

எதை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவே மாறும். தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்கு நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை மட்டும் நீக்கினால் போதுமா, திருகாணிகள் பொருத்தி எலும்பையும் இணைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 2016-இல் ஒரே இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு விடைகள் வந்தன. 247 பேர் கொண்ட ஸ்வீடன் ஆய்வு, ஓஸ்வெஸ்ட்ரி அளவில் வேறுபாடு இல்லை என்றது. முள்ளெலும்பு நழுவிய 66 பேர் மட்டுமே கொண்ட அமெரிக்க ஆய்வு, பொதுவான உடல்நலத்தை அளக்கும் வேறொரு வினாப் படிவத்தில் இணைப்புச் செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள் என்றது. அந்த அமெரிக்க ஆய்விலும் ஓஸ்வெஸ்ட்ரி அளவில் தெளிவான வேறுபாடு இல்லை என்பதைச் செய்தித் தலைப்புகளில் காண முடியாது, அட்டவணையில்தான் காண முடியும். பின்னர் 2021-இல், முள்ளெலும்பு நழுவிய 267 பேரை வைத்து நார்வேயில் நடத்திய ஆய்வு வெளியானது. போதிய முன்னேற்றம் கண்டவர்கள் அழுத்தம் மட்டும் நீக்கியவர்களில் 71.4 விழுக்காடு, இணைப்பும் செய்தவர்களில் 72.9 விழுக்காடு. "எனக்கு இணைப்பு எதற்காகத் தேவை?" என்று மருத்துவரிடம் கேட்க இந்த எண்களே போதும். எலும்பு நிலையற்று அசைவது போன்ற தக்க காரணம் உங்களிடம் இருந்தால் அவர் அதைப் படத்திலேயே காட்டுவார்.

பணம், மறு ஆய்வு

கட்டுரையின் இறுதியில் நிதியுதவி, நலன் முரண் பற்றிய சிறிய எழுத்துப் பத்தி இருக்கும். எலும்பு இணைய உதவும் ஒரு செயற்கைப் புரதத்துக்கு அமெரிக்காவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. நிறுவன நிதியில் நடந்த தொடக்கக் கட்டுரைகள் அதனால் பக்கவிளைவு ஏதும் நேர்ந்ததாகக் கூறவில்லை. 2011-இல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்றே அந்தக் கட்டுரைகளை அனுமதி அமைப்பின் ஆவணங்களோடு ஒப்பிட்டு, பாதிப்புகள் மிகவும் குறைத்துக் காட்டப்பட்டிருந்தன என்று வெளியிட்டது. ஒரு துறை தன் தவற்றைத் தானே வெளிக்கொணர்ந்த மதிக்கத்தக்க செயல் இது. நிறுவன நிதி என்பதற்காக ஓர் ஆய்வை ஒதுக்கிவிட வேண்டாம், ஆனால் பக்கவிளைவு அட்டவணையை இன்னொரு முறை படியுங்கள்.

ஒரே ஓர் ஆய்வை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். முள்ளெலும்பில் குறிப்பிட்ட வீக்க மாற்றம் உள்ள நாட்பட்ட வலிக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து பெரும் பயன் தருகிறது என்று டென்மார்க்கில் 162 பேரோடு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் செய்தியானது. 2019-இல் நார்வேயில் 180 பேரிடம் மீண்டும் சோதித்தபோது, நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க பயன் தென்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் தேவையின்றி நூறு நாள் மருந்து உண்டவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

மருத்துவரைச் சந்திக்கச் செல்லும்போது உங்களுக்கு மிக நெருக்கமான ஒரே ஓர் ஆய்வின் அச்சுப் பிரதியை எடுத்துச் செல்லுங்கள். அதில் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட தகுதிகளை அடிக்கோடிட்டு, உங்களுக்குப் பொருந்துபவை எவை, பொருந்தாதவை எவை என்று அவரிடம் கேளுங்கள். அவர் செய்த இதே வகை அறுவைசிகிச்சைகளில் எத்தனை பேருக்கு மறு அறுவைசிகிச்சை தேவைப்பட்டது, அந்தக் கணக்கு ஏதேனும் பதிவேட்டில் உள்ளதா, அறுவைசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அடுத்த மூன்று மாதத்துக்கு எந்தப் பயிற்சி, எந்த மாற்றம் தெரிந்தால் திரும்பி வர வேண்டும் என்பவற்றையும் கேட்டு, விடைகளை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.