"உங்கள் போனில் 13 வைரஸ்" என்று வந்தால் எங்கே கை வைப்பது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது வைரஸ் இல்லை. "உங்கள் போனில் 13 வைரஸ்கள்", "ஆன்டிவைரஸ் சந்தா இன்றோடு முடிகிறது", "உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது", "பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்" என்று நாள் முழுக்க மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறதே, அது ஏதோ ஒரு வலைத்தளம் குரோம் பிரவுசர் வழியாக அனுப்புகிற அறிவிப்பு. அனுப்பலாம் என்று என்றைக்கோ ஒருநாள் அந்தப் போனிலிருந்து அனுமதி போயிருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

நான் காரைக்குடியில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன் ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனால் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவரின் போனில் ஓடிபி வரும் நேரம் பார்த்து, அதற்கு மேலே நாலு "வைரஸ்" வந்து உட்கார்ந்துகொண்டால் என் வேலையும் நின்றுவிடும். அதனால் விண்ணப்பத்தோடு சேர்த்து இதையும் துடைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இதற்குப் பணம் வாங்குவதில்லை, வாங்குகிற அளவுக்கு அதில் வேலையும் இல்லை. இதே விஷயத்துக்கு "ஃபார்மட் போட்டால்தான் போகும்" என்று ஒரு கடையில் 600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கொடுத்த அம்மாவுக்குப் பேரன் படமெல்லாம் போனதுதான் மிச்சம்.

அனுமதி எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை மாட்ட மாட்டீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் நாள். உண்மையான தளம் திணறுகிறது, தேடலில் வந்த வேறு எதையோ திறக்கிறோம். அல்லது கிரிக்கெட்டை ஓசியில் பார்க்க ஒரு லிங்க், புதுப்படம் இறக்க ஒரு லிங்க். நாலு பக்கம் தானாகத் தாவி, கடைசியில் ஒரு ரோபோ பொம்மை வந்து நிற்கும். "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்ய அலோ (Allow, அதாவது அனுமதி) பட்டனை அழுத்துங்கள்." சில இடங்களில் "வீடியோ பார்க்க அலோ", "18 வயதுக்கு மேல் என்றால் அலோ". ரோபோ சோதனைக்கும் அந்த அலோவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையான ரோபோ சோதனை பக்கத்துக்குள்ளேயே இருக்கும். ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடிக்கச் சொல்லும், இல்லையென்றால் பஸ் இருக்கும் படங்களைத் தொடச் சொல்லும். அலோ, பிளாக் என்று இரண்டு பட்டனோடு வரும் பெட்டி குரோம் காட்டுவது. இந்தத் தளம் அறிவிப்பு அனுப்ப விரும்புகிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? அவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

பிளாக் கொடுத்தாலும் சில தளங்கள் விடாது. முகவரியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு திரும்ப வந்து கேட்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த டேபை மூடிவிடுங்கள்.

இந்த வசதி குரோமுக்கு வந்தது 2015-இல். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. செய்தித் தளங்களும் மெயிலும் பயன்படுத்தட்டும் என்று செய்தது. அலோ கொடுத்ததும் அந்தத் தளத்தின் சின்ன நிரல் ஒன்று பிரவுசருக்குள் தங்கிவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் செய்தியை கூகுளின் சர்வருக்கு அனுப்ப, அது உங்கள் போனுக்கு வந்து சேரும். தளம் திறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. டேபை மூடியும், ஹிஸ்டரியை அழித்தும், போனை ஆஃப் செய்து ஆன் செய்தும் நிற்காததற்குக் காரணம் இதுதான். ஆன்டிவைரஸ் போட்டுத் தேடினாலும் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது.

சரி, போனுக்கு வருவோம். அடுத்த அறிவிப்பு வரும்போது அதைத் தொடாதீர்கள். இரண்டு விரலால் கீழே இழுத்து, மேலே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குரோம் என்று இருக்கும், பக்கத்திலேயே ஒரு தளத்தின் முகவரி இருக்கும். பெரும்பாலும் வாயில் நுழையாத எழுத்துக் கோவையாக, டாட் டாப், டாட் எக்ஸ்ஒய்இசட் என்று முடியும். அறிவிப்பில் உள்ள படம், தலைப்பு, வாசகம் எல்லாம் அனுப்புகிறவன் இஷ்டம். வாட்ஸ்அப் சின்னத்தை வைக்கலாம், வங்கியின் பெயரை எழுதலாம், பச்சை டிக் போடலாம். அந்த முகவரியை மட்டும் அவனால் பொய்யாகக் காட்ட முடியாது, ஏனென்றால் அதை எழுதுவது குரோம். ஆகவே செய்தியைப் படிக்காதீர்கள், முகவரியைப் படியுங்கள். எங்கள் கடைக்கு வருகிற பெரியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்த ஒன்றைத்தான்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. அறிவிப்புக்குக் கீழே "ஸ்கேன்", "கேன்சல்" என்று பட்டன்கள் இருந்தால், அவையும் பெரும்பாலும் அந்தத் தளமே வைத்தவைதான். கேன்சலை அழுத்தினாலும் அவன் பக்கத்துக்கே கொண்டுபோய் விடலாம். வேண்டாமென்றால் விரலால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், போதும்.

தள்ளுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். அறிவிப்பின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் அதை நிறுத்துவதற்கான வழி வரும். போனுக்குப் போன் அதன் தோற்றம் மாறும். ஆனால் அந்தத் தளத்தின் பெயரும் பக்கத்தில் ஒரு சுவிட்சும் இருக்கும். அந்தத் தளத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். புதிய குரோமில் சந்தேகப்படும்படியான அறிவிப்பைக் குரோமே மறைத்து எச்சரிக்கை காட்டி, அன்சப்ஸ்க்ரைப் (இனி அனுப்ப வேண்டாம்) பட்டனையும் கொடுக்கிறது. அது குரோமின் பட்டன், அதை அழுத்தலாம்.

ஒரு தளத்தை நிறுத்தினால் போதாது. ஒருமுறை இந்த வலையில் விழுந்த போனில் பொதுவாக ஒன்றோடு நிற்பதில்லை, ஒரு கூட்டமே இருக்கும். எனவே வேரோடு பிடுங்க: குரோமைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ். அதில் சைட் செட்டிங்ஸ். அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். குரோமைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று இருக்கும். உள்ளே போனால் யார் யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்று ஒரு பட்டியல் தெரியும். தெரியாத பெயரைத் தொட்டுப் பிளாக் செய்யுங்கள். பெரிய செய்தித்தாள், ஷாப்பிங் தளம் என்று தெரிந்த பெயர்களும் இருக்கும். அவை மோசடி இல்லை, ஆனால் வேண்டுமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்புறம் அதே பக்கத்தில் மேலே ஒரு மொத்த சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் இனி எந்தப் புதுத் தளமும் உங்களிடம் அனுமதி கேட்கவே முடியாது. போனில் இதை எல்லோருமே அணைத்து வைக்கலாம் என்பது என் கருத்து. வாட்ஸ்அப், வங்கி, ஜிமெயில் எல்லாம் தனித்தனி செயலியாக இருக்கின்றன, அவற்றின் அறிவிப்பு குரோம் வழியாக வருவதில்லை. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. "முக்கியமானது எதுவும் வராமல் போய்விடுமோ" என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். பென்ஷன் கணக்கில் ஏறினால் வரும் தகவல் வங்கியின் எஸ்எம்எஸ் சார், குரோம் இல்லை என்றேன். உடனே அணைக்கச் சொல்லிவிட்டார்.

சாம்சங் போனில் சாம்சங் இன்டர்நெட் என்று தனி பிரவுசர் இருக்கும். வேறு கம்பெனிப் போன்களிலும் அதுபோல ஒன்று இருக்கலாம். குரோமைச் சுத்தம் செய்தும் வருகிறதென்றால் பொடி எழுத்தில் எந்தப் பிரவுசரின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அதன் செட்டிங்ஸில் இதே நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் தேடுங்கள். பிரவுசர் பெயருக்குப் பதில் "கிளீனர்", "டார்ச்" மாதிரி ஏதாவது செயலியின் பெயர் இருந்தால் கதையே வேறு. அந்தச் செயலியை நீக்குவதுதான் வழி.

கம்ப்யூட்டரில் வலது கீழ் மூலையில் வரும். விண்டோஸே எச்சரிப்பது போல இருப்பதால் இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். இதிலும் குரோம் என்ற பெயரும் முகவரியும் சின்னதாக இருக்கும். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி உள்ள தளங்களின் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று புள்ளி. அதில் பிளாக், ரிமூவ் என்று இரண்டும் இருக்கும். ரிமூவ் செய்தால் அந்தத் தளம் மறுபடி கேட்கலாம், பிளாக் செய்தால் கேட்க முடியாது. பிளாக்கே நல்லது. எட்ஜ் பிரவுசரிலும் செட்டிங்ஸில் சைட் பெர்மிஷன்ஸ் பகுதிக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் இருக்கும். செட்டிங்ஸில் தேடும் கட்டத்தில் அந்தச் சொல்லை அடித்தாலே வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் பெர்மிஷன்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸுக்கு எதிரே உள்ள செட்டிங்ஸ் பட்டன். அங்கேயே புதிதாகக் கேட்பதைத் தடுக்கும் ஒரு டிக்கும் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் மொத்தமாக அணைக்கச் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் வெப், ஜிமெயில் ஆகியவற்றைப் பிரவுசரிலேயே திறந்து வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு அறிவிப்பு தேவைப்படும். அவற்றை மட்டும் பட்டியலில் விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் போய்க் குரோம் அறிவிப்புகளையே அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் உண்டு. அது பிரச்சினையை மறைக்குமே தவிர, கொடுத்த அனுமதி அப்படியேதான் இருக்கும்.

எல்லாம் செய்தும் பட்டியல் திரும்ப நிறைகிறதா? எக்ஸ்டென்ஷன்ஸ் (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்கள்) பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடாதது இருந்தால் நீக்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம் மெனுவின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று இருந்தால், ஏதோ ஒரு நிரல் உள்ளே புகுந்து அமைப்புகளை மாற்றியிருக்க வாய்ப்புண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது சகஜம். வீட்டில் இருந்தால் மால்வேர் (கெடுதல் செய்யும் நிரல்) இருக்கிறதா என்று ஸ்கேன் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

குரோமும் சும்மா இல்லை. சேஃப்டி செக் என்ற பகுதியில், அதிகமாக அறிவிப்பு அனுப்பும் தளங்களை அதுவே எடுத்துக் காட்டுகிறது. பயனர் கண்டுகொள்ளாத, ஆனால் அறிவிப்பை மட்டும் கொட்டுகிற தளங்களின் அனுமதியைத் தானே ரத்து செய்யும் வசதியையும் 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. ஒவ்வொரு அறிவிப்பையும் என்னதான் அது என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த வசதி எவ்வளவு உதவும் என்பது சந்தேகம்தான்.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2023-இல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல் வலைத்தள அறிவிப்பு உண்டு என்றாலும், தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால்தான் அது வரும். அதற்குப் பதிலாக அவர்களுக்குக் காலண்டரில் "வைரஸ்" வரும். காலண்டர் செயலியின் அடியில் காலண்டர்ஸ் என்பதைத் தொட்டு, தெரியாத காலண்டரை நீக்கினால் போய்விடும்.

அறிவிப்பைத் தொட்டு உள்ளே போய்விட்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, மேலே சொன்னபடி அனுமதியை எடுத்துவிடுங்கள். கார்டு எண் கொடுத்திருந்தால் வங்கியை அழைத்து அந்தக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அங்கே இருந்த "கஸ்டமர் கேர்" எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போல, உங்கள் போனைத் தூரத்திலிருந்து இயக்க விடும் செயலியைப் போட்டிருந்தால், முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், அப்புறம் அந்தச் செயலியை நீக்குங்கள், வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு. பணம் எடுக்கப்பட்ட நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் வங்கியின் எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். அதை அழித்துவிடாமல் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.