மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் வலியைக் கையாளும் முறை

அம்மாவுக்குப் புதுச்சேரியில் வலது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. வீட்டுக்கு அழைத்து வந்தபின், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்களே பார்த்துக்கொண்டோம். அந்த வாரங்களில் எது உதவியது, எது தொல்லை கொடுத்தது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை வீட்டில் நடைமுறைப்படுத்தும் விதம் மட்டுமே என் பொருள்.

அறுவையன்று கால் மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் அதன் வேகம் தணிந்துவிடும். ஆகவே இரண்டாம், மூன்றாம் நாளில் வலி ஏறினால் மூட்டில் கோளாறு என்று கலங்க வேண்டாம்.

படி 1: மாத்திரைக்கு நேரம் குறியுங்கள்

"தாங்க முடியாவிட்டால் கேட்கிறேன், இப்போது வேண்டாம்" என்பார் அம்மா. நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். ஆனால் வலி உச்சத்துக்குப் போனபின் மாத்திரை போட்டால் அது தணிய நெடுநேரம் ஆகும். அதற்குள் அன்றைய பயிற்சி போய்விடும்; பயிற்சி போனால் மூட்டு இறுகும். முதல் சில வாரங்களுக்கு, எழுதிக் கொடுத்த நேரப்படியே கொடுங்கள்.

இதற்குக் கைபேசிச் செயலிகள் உண்டு. நான் பரிந்துரைப்பது ஒரு தாளும் பேனாவும்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டால், மாத்திரை கொடுத்தவர் யாராக இருந்தாலும் அங்கேயே நேரத்தை எழுதிவிடலாம்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைக் கட்டாயம் படியுங்கள். கடுமையான வலிக்குத் தரும் டிரமடால் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். முதியவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் இன்னும் குறைத்தே தருவார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், மருந்துக்கடையில் தாமாக டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடவே கூடாது. இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

படி 2: ஐஸ்

பருத்தித் துண்டைச் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். பயிற்சி முடிந்ததும் வைப்பது மிகவும் பயன் தரும். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி வேண்டாம். நம் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அது நொடியில் ஒழுகிக் காயத்தின் கட்டை நனைத்துவிடும். ஜெல் பை இரண்டு வாங்குங்கள், ஒன்று உறையும்போது மற்றொன்று காலில் இருக்கும்.

பார்க்க வருகிறவர்கள் நொச்சி இலை ஒத்தடமும் தைலமும் சொல்வார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். புதுக் காயத்தில் சூடு வீக்கத்தைக் கூட்டும். கெண்டைக்காலையும் பிடித்துவிடக் கூடாது.

படி 3: முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டவே வேண்டாம்

எங்களைத் திண்டாட வைத்தது இந்தப் படிதான். மூட்டு சற்று மடங்கியிருக்கும்போது உள்ளே தேங்கிய நீருக்கு இடம் கிடைக்கிறது, வலியும் குறைகிறது. நோயாளி தலையணை கேட்பது அதனால்தான். ஆனால் மடங்கியபடியே கிடந்தால் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் அந்த நிலையிலேயே சுருங்கிவிடும். பிறகு கால் முழுதாக நீளாது; நடக்கும்போது தொடைத்தசை ஓயாமல் உழைத்து வலி இன்னும் கூடும். அம்மாவோ தூக்கத்திலேயே நல்ல காலால் தலையணையை இழுத்து அடியில் தள்ளிவிடுவார். இரவில் அறையிலிருந்த உபரித் தலையணைகளை எல்லாம் அப்புறப்படுத்தியபின்தான் அது நின்றது.

மாற்று வழி: ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நிற்கும், தன் எடையால் மெல்ல நீளும். ஐந்து பத்து நிமிடம் போதும், ஒரு நாளில் பல முறை. கூடவே தொடையை இறுக்கி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். துண்டை எடுத்துவிட்டுப் படுக்கை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். முழங்காலுக்கும் கட்டிலுக்கும் இடையே உள்ளங்கை தாராளமாக நுழைந்தால் இன்னும் நீள வேண்டியிருக்கிறது.

வீக்கம் வடியக் காலை உயர்த்தலாமே என்றால், தாராளமாக உயர்த்தலாம். கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தலையணைகளை அடுக்குங்கள், பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். முழங்கால் மட்டும் மடங்கக் கூடாது.

படி 4: பயிற்சியும் இரவும்

பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வலி மாத்திரையின் வேளை அமையுமாறு மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். குதிகாலை இழுத்து மடக்கும் பயிற்சிக்கு, குதிகாலுக்குக் கீழே ஒரு பாலிதீன் உறை போட்டால் மெத்தையில் வழுக்கிக்கொண்டு போகும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

இரவு வலி பல வாரங்கள் நீடிக்கலாம். பகல் தூக்கத்தைக் குறைத்து, படுக்கும் முன் ஐஸ் வைத்தது எங்களுக்கு உதவியது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். கடைசி இரண்டுக்கும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் காரில் எப்படி அழைத்து வருவது என்று பலர் கேட்டார்கள். முன்னிருக்கையை முழுதாகப் பின்னே தள்ளிச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரத்தை மாத்திரை வேலை செய்யும் நேரத்தோடு பொருத்துங்கள். வழியெல்லாம் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமாகியும் முழங்கால் சூடாக இருக்கிறதே என்றார் ஒருவர். சூடு சில மாதம் நீடிப்பது வழக்கம்தான். காய்ச்சலோ பரவும் சிவப்போ சேர்ந்தால் காட்டுங்கள். தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதற்குக் காரணம், அங்கே தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபடுவது.

மலச்சிக்கலைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்கலாம் என்றார் இன்னொருவர். டிரமடால் வகை மருந்துகளால் அது பலருக்கும் வரக்கூடியது. முதல் நாளிலிருந்தே கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர் கொடுங்கள். மலமிளக்கி வேண்டுமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் உயரம் போதாவிட்டால், வாடகைக்காவது உயரமான கமோடு நாற்காலி ஒன்று எடுத்து வையுங்கள்.