சத்தம் போடுகிறவருக்கே முதல் பணம்: கடனோடு பிள்ளை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவின் கடைசி வீட்டுத் திண்ணையில் பாய் விரிப்பார்கள். குழு லோன் கட்டும் நாள். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்போம், வசூலுக்கு வரும் தம்பி வண்டியை ஸ்டாண்டு போடும்போதே தலையை எண்ணிவிடுவார். ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. அவள் தவணையைப் பங்கு போட்டுக் கட்டு, இல்லாவிட்டால் அவள் வீட்டு வாசலில் போய் உட்காரு. மூன்று வருடம் அந்தப் பாயில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் வீட்டு வாடகை நாலு மாதம் பாக்கி விழுந்தது, பையனுக்கு நோட்டு வாங்காமல் பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கினான், கரண்ட் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். செவ்வாய்த் தவணை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

என்னைக் கேட்டால் எல்லாத் தவறுக்கும் தாய்த்தவறு இதுதான். கையில் இருக்கிற காசை, யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். வீட்டுக்காரம்மா மெதுவாகக் கேட்பார், அதனால் வாடகை நிற்கும். பிள்ளை கேட்கவே கேட்காது.

ஒரு பழைய நோட்டில் எல்லாக் கடனையும் எழுதிப் பாருங்கள். யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, அடமானமாக என்ன கொடுத்திருக்கிறோம், கட்டாவிட்டால் என்ன போகும். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அரிசி, வாடகை, கரண்ட், மருந்து, பள்ளிச் செலவு ஆகியவை முதலில். அடுத்தது நகைக்கடன், ஏனென்றால் தவணை தாண்டினால் பொருளே ஏலத்துக்குப் போய்விடும் (ஏலம் விடுமுன் நோட்டீஸ் தர வேண்டும், கடன் போக மிஞ்சுகிற பணம் உங்களுடையது; இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் நிறைய). பிறகு செக் கொடுத்து வாங்கிய கடன், செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகலாம். அடமானம் எதுவும் இல்லாத குழு லோன் இவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும். கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தவணை தவறிய பிறகு ஒளிவதற்குப் பதில், தவறும் முன்பே கிளைக்குப் போய், வசூலுக்கு வருபவரிடம் இல்லாமல் மேலாளரிடம், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது ஒன்றும் கணக்கில் வராது.

விதி தெரியாமல் பயப்படுவது அடுத்த தவறு. குழு லோன் மாதிரி அடமானம் இல்லாத மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் தனி விதிமுறை வைத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, தாண்டும் என்றால் அவர்கள் புதிதாகக் கொடுக்கவே கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது எல்லாமே தப்பு. பேசி வைத்த இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கே வரலாம். லோன் விவரம் எழுதித் தருகிற அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். என் அட்டையைப் பத்து மாதம் கழித்துத்தான் பீரோவிலிருந்து எடுத்துப் படித்தேன், புகார் எண் அதிலேயே அச்சடித்து இருந்தது! எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காசில்லாமல் புகார் செய்யலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் வாங்குகிறோம். ஆனால் வட்டிக் கணக்கை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தெருவில் "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். "பத்து வட்டி" என்றால் 120. தண்டல் இன்னும் ஏமாற்றும்: பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள். பார்க்க 1,500 ரூபாய் செலவுதானே என்று இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், சராசரியாக உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால் வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. மூணு வட்டிக்காரரைக் கந்துவட்டி என்று திட்டிவிட்டு, சிரித்த முகமாக வருகிற தண்டல்காரரிடம் வாங்கியவள் நான். தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது, 3 வருடம் வரை சிறை.

இப்போது உதவித்தொகை விஷயம். இதில்தான் சத்தமே இல்லாமல் பணம் போகிறது.

என் பாஸ்புக்கில் ஒரு பக்கத்தை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். 15-ஆம் தேதி தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000 வரவு. அதே நாளில் 295 பற்று, அடுத்த வரியில் இன்னொரு 295. என்ன இது என்று கேட்டால், டிவி வாங்கிய ஈஎம்ஐக்கு அந்தக் கணக்கில் ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேனாம், பணம் இல்லாமல் இரண்டு தடவை திரும்பியதற்குத் தடவைக்கு 250 அபராதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 45. வந்த ஆயிரத்தில் எனக்கு மிஞ்சியது 410. டிவி கடனும் குறையவில்லை. யாரும் திருடவில்லை, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வழி அது. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோதே சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் என்று ஆயிரத்தில் கை வைத்து, தமிழக நிதியமைச்சர் கண்டித்துச் சொல்ல வேண்டி வந்தது.

அதனால் உதவிப் பணம் வருகிற கணக்கும் கடன் போகிற கணக்கும் ஒன்றாக இருக்கவே கூடாது. கடன் வாங்காத வேறொரு வங்கியில் மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படைக் கணக்கு, ஜன் தன் என்று கேட்டால் தெரியும், திறந்து அதை மட்டும் ஆதாரோடு இணையுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் எப்போதும் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். லோன் கொடுக்கும்போது புதுக் கணக்கு திறக்க வைத்து, விரல் வைக்கச் சொல்லி, கூடவே அந்த இணைப்பையும் மாற்றிவிடுவார்கள், நாம் படிக்காமல் "சரி" சொல்லியிருப்போம். கேஸ் மானியமும் பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பும் நின்றுவிட்டது என்று அலுவலகம் அலுவலகமாக அலைவோம், பணம் நாம் மறந்த கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே ஓடிபி போட்டுப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

நிராகரிப்பு எஸ்எம்எஸ்ஸும் சத்தம் போடாது. எங்கள் வீட்டு போன் பையன் கையில்தான் இருக்கும், படிக்காத செய்தி நானூறு கிடந்தது, அதில் 47 நாள் பழையதாக ஒன்று: உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. உரிமைத் தொகை தொடங்கியபோது மேல்முறையீட்டுக்குக் கொடுத்த கெடு 30 நாள், இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு. கெடு போச்சு, அடுத்த முகாம் வரைக்கும் காத்திருந்தேன். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். நிராகரித்தால் காரணத்தைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு கரண்ட் மீட்டர் நம் பேரில் இருப்பது, இறந்துபோன மாமனாரின் பேரை ரேஷன் அட்டையிலிருந்து நீக்காதது போன்ற அற்பக் காரணமாகவே இருக்கலாம். "ஆளைப் பிடித்து வாங்கித் தருகிறேன்" என்று இரண்டாயிரம் கேட்பவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள், அதற்கும் கடன்தான் வாங்குவீர்கள்.

அப்புறம், பிள்ளைகள் பேரில் இருக்கிறதைக் கேட்காமல் விடுவது. மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 நிதி ஆதரவு உண்டு. கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர், பெற்றோர் படுத்த படுக்கையானவர் போன்ற குடும்பங்களுக்கு. வருட வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்துவிடாது, ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவரே இல்லை. இரண்டு பெற்றோரும் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்களுக்குத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் இருக்கிறது, மாதம் 2,000. முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நல்ல நாளிலேயே எடுத்து வையுங்கள். எங்கள் கடன் தொடங்கியதே வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட ராத்திரிதான், அட்டை இல்லாததால் அறுபதாயிரம்.

ஏடிஎம் அட்டை, ரேஷன் அட்டை, வெற்றுச் செக், தொகை எழுதாத புரோ நோட்டு இதில் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். லோன் ஆப் கேட்கிற "காண்டாக்ட்ஸ்" அனுமதியும் அதே மாதிரிதான், கொடுத்தால் பிள்ளையின் டீச்சருக்கு வரை போன் போகும். உங்கள் படத்தை மாற்றி மிரட்டினால் பணம் கட்டாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வழக்கு, நோட்டீஸ் என்று எது வந்தாலும் 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம். ராத்திரி தூக்கம் வராமல் மனசு வேறு பக்கம் போனால் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசுவார்கள், அதை நானும் ஒரு தடவை அழைத்திருக்கிறேன்.

வீட்டில் மறைப்பதும் தவறுதான். என் மகள் ஏழாவது படிக்கும்போதே வண்டிச் சத்தத்தை வைத்து எந்த லோன்காரர் என்று சொல்லிவிடுவாள், நான்தான் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நோட்டு எழுதுவது அவள்தான்.

எதுவும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். மனு ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, ரேஷன் அட்டை நகல், பாஸ்புக்கின் அந்தப் பக்கத்து நகல். கொடுத்ததும் ரசீது எண்ணை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். என் முதல் மனுவுக்கு ரசீது வாங்காமல் வந்துவிட்டேன், இரண்டாவதுக்குத்தான் பதில் வந்தது.