ஒரு மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைக் கணக்கை எடுப்பது எப்படி?

கூகுள் ஸ்காலரில் ஒரு டாக்டரின் பெயரைத் தட்டினால் இரண்டு நொடியில் எச்-இண்டெக்ஸ், அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண், வந்து நிற்கும். அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணுக்கு அடியில் யார் யாருடைய கட்டுரைகள் கலந்து கிடக்கின்றன என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இந்த வேலையில் முக்கால் பங்கு பட்டியலைச் சுத்தம் செய்வதுதான். கணக்குப் போடுவது கடைசிப் பத்து நிமிடம்.

மருத்துவக் கல்லூரி நூலகர்கள், முதுநிலை மாணவர்கள், துறையின் ஆண்டறிக்கை தலையில் விழுந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். 100 கட்டுரை வரை உள்ள ஒருவருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆஃபீஸ் வேண்டும். யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று வரைபடமாகக் காட்டும் விஓஎஸ்வியூவர் என்ற இலவச மென்பொருளும் வேண்டும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் இரண்டும் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியவை. கல்லூரியில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

படி 1: ஆளைப் பிரித்தெடுங்கள்

சௌமியா சுவாமிநாதனை எடுத்துக்கொள்வோம். சென்னையில் காசநோய் ஆய்வு செய்தவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும், பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாகவும் இருந்தவர். மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தரவுத்தளமான பப்மெட்டில் ஆசிரியர் பெயர் குடும்பப் பெயர் முன்னே, முதலெழுத்து பின்னே என்ற வடிவில் இருக்கும். அதன்படி இவர் ‘சுவாமிநாதன் எஸ்’ ஆகிவிடுகிறார். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அப்பா பெயர் சுவாமிநாதன்! அவர்களில் எஸ் என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் எல்லாரும் ஒரே தேடலில் வந்து விழுவார்கள். முழுப் பெயரைக் கொடுத்துத் தேடலாமே என்றால், பப்மெட் முழுப் பெயர்களை ஏற்றத் தொடங்கியது 2002-ல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகள் அந்தத் தேடலில் சிக்காது.

நிறுவனப் பெயரை வைத்து வடிகட்டலாம் என்று அடுத்து தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 1956-ல் காசநோய் கீமோதெரபி மையமாகத் தொடங்கிய சேத்துப்பட்டு நிறுவனம் 1978-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆனது, 2011-ல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. ஊர்ப் பெயரும் இடையில் மெட்ராஸிலிருந்து சென்னைக்கு மாறியது. ஆய்வாளரும் டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும் போனார். இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஆய்வு வாழ்க்கையின் ஒரு துண்டுதான் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு: 2013 வரை பப்மெட் முதல் ஆசிரியரின் நிறுவனத்தை மட்டுமே பதிந்து வந்தது. 2008-ல் வேறு ஊர்க்காரர் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரையில் உங்கள் ஆய்வாளர் நான்காவது பெயராக இருந்தால், நிறுவன வடிகட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆய்வாளரின் தன்விவரக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவதாக அவருடைய ஆர்கிட் எண்ணைப் பாருங்கள். 16 இலக்கம் கொண்ட இந்த இலவச அடையாள எண் 2012-லிருந்து வழங்கப்படுகிறது. பப்மெட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘ஆத்தர் - ஐடென்டிஃபையர்’ புலத்தில் போட்டுத் தேடலாம். எண் வாங்கியதோடு மறந்துவிட்டவர்கள் ஏராளம், எனவே காலிப் பக்கத்தைக் கண்டு திகைக்க வேண்டாம். மூன்றாவதாக, பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைப்பெழுத்து மட்டும் உள்ள தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தாள் இல்லாமல் முடியாது. ஒரே ஆளை ஒரு சஞ்சிகை தலைப்பெழுத்தையே குடும்பப் பெயராக்கி அச்சிடும். இன்னொன்று அதை அப்பா பெயராக விரித்து அதன் கீழ் வைக்கும். செந்தில்குமார் போன்ற பெயர்களைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதிலும் ஒற்றுமை கிடையாது. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அதையும் சேருங்கள்.

சந்தேகமான கட்டுரைக்கு ஒரு எளிய சோதனை: தெரிந்த இணை ஆசிரியர், ஆய்வுப் பொருள், ஊர். மூன்றில் இரண்டு பொருந்தினால் வையுங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் தனி நிறத்தில் குறித்து ஆய்வாளரிடமே கேளுங்கள்.

ஆசிரியர் பெயரே இல்லாத கட்டுரைகளும் உண்டு. காசநோயாளியை மருத்துவமனையில் கிடத்த வேண்டியதில்லை, வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று காட்டிய மெட்ராஸ் ஆய்வு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. ஆசிரியர் இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கிறது. உலகின் காசநோய்ச் சிகிச்சையைத் திருப்பிப் போட்ட அந்த அறிக்கை, அதில் உழைத்த எவருடைய எச்-இண்டெக்ஸிலும் ஏறாது. இன்றைய பெரிய மருந்துச் சோதனைகளிலும் பலர் ஆசிரியர் வரிசையில் இல்லாமல் ‘கொலாபரேட்டர்ஸ்’ பட்டியலில் இருப்பார்கள். பப்மெட்டில் ‘ஆத்தர் - கார்ப்பரேட்’, ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற புலங்களிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

படி 2: பட்டியலை இறக்குங்கள்

பப்மெட்டில் ‘சேவ்’ அழுத்தி, எல்லா முடிவுகளையும் தேர்ந்தெடுத்து, இரண்டு முறை சேமியுங்கள். விரிதாளுக்காகச் சிஎஸ்வி வடிவில் ஒன்று, பின்னால் வரைபடத்துக்காகப் ‘பப்மெட்’ வடிவில் ஒன்று. ஸ்கோபஸ் சந்தா இருந்தால் அதிலிருந்தும் சிஎஸ்வி எடுங்கள். கூகுள் ஸ்காலரில் ஆய்வாளர் தன் பக்கத்தைத் தானே வைத்திருந்தால் மட்டுமே பட்டியல் சுலபமாகக் கிடைக்கும். அந்தப் பக்கத்தின் அமைப்பில், புதிய கட்டுரைகள் தானாகச் சேர வேண்டாம், மின்னஞ்சலில் கேட்டால் போதும் என்று மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தானியங்கிச் சேர்க்கைதான் அடுத்த வீட்டுக்காரர் கட்டுரைகள் நுழையும் வாசல்.

மூன்று இடத்திலும் மூன்று எண்ணிக்கை வரும். அது கோளாறு இல்லை. பப்மெட் மருத்துவ, உயிரியல் சஞ்சிகைகளோடு நிற்கிறது. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த சஞ்சிகைகளை எண்ணுகிறது. ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் ஏற்றும் வடிவம்), மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் அள்ளுகிறது. அதனால் ஸ்காலரின் மேற்கோள் எண்ணிக்கை பொதுவாக மற்றவற்றைவிட அதிகமாக இருக்கும்.

படி 3: விரிதாளில் சுத்தம்

ஒரு கட்டுரைக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: பப்மெட் எண், டிஓஐ (கட்டுரைக்கென்று உள்ள தனி அடையாள எண்), தலைப்பு, சஞ்சிகை, ஆண்டு, கட்டுரை வகை, மொத்த ஆசிரியர்கள், இவருடைய இடம், மேற்கோள்கள், எடுத்த தேதி. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்ஸெலில் ‘டேட்டா’ வழியாக இறக்கி, எல்லா நெடுவரிசைகளையும் ‘டெக்ஸ்ட்’ ஆக வையுங்கள். இல்லையேல் 5-6 என்ற இதழ் எண் தேதியாக மாறிவிடும், ஐரோப்பியப் பெயர்களின் எழுத்துகளும் சிதைந்துவிடும். மேற்கோள் நெடுவரிசையை மட்டும் எண்ணாக விடுங்கள்.

இரட்டைப் பதிவுகளை டிஓஐ வைத்து நீக்குங்கள். தலைப்பை நம்ப வேண்டாம், ஒரு முற்றுப்புள்ளி போதும் இரண்டும் வேறாகிவிட. ஆனால் முன்பதிப்புக்கும் சஞ்சிகையில் வந்த இறுதி வடிவத்துக்கும் தனித்தனி டிஓஐ இருக்கும். அவை எக்ஸெலின் கண்ணுக்குத் தப்பும், நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இறுதி வடிவத்தை வைத்துக்கொண்டு முன்பதிப்பை நீக்குங்கள். பிழைதிருத்த அறிவிப்புகளையும் மாநாட்டுச் சுருக்கங்களையும் தனித் தாளுக்கு மாற்றுங்கள். இதழாசிரியருக்குக் கடிதம், பதில் கடிதம் ஆகியவற்றை ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்து எண்ணக் கூடாது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பப்மெட் அதைப் பக்கத்தின் மேலேயே காட்டும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தையும் இலவசமாகத் தேடலாம்.

படி 4: எண்

மேற்கோள் எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். மேற்கோள் வரிசை எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும் கடைசி இடம்தான் எச்-இண்டெக்ஸ். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவு இது.

ஒன்பது கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம்: 48, 31, 17, 12, 9, 6, 6, 3, 0. ஆறாவது இடத்தில் 6 இருக்கிறது, சரி. ஏழாவது இடத்திலும் 6-தான், போதாது. விடை 6. முதல் கட்டுரை 48-க்குப் பதில் 4,800 மேற்கோள் வாங்கியிருந்தாலும் விடை 6-தான். இந்த அளவின் பலமும் பலவீனமும் அதுதான்.

இப்போது பெயரொத்த வேறொருவரின் மூன்று கட்டுரைகளை, 40, 25, 14 என்று, உள்ளே விட்டுப் பாருங்கள். அடுக்கு 48, 40, 31, 25, 17, 14, 12, 9, 6, 6, 3, 0 ஆகும். எட்டாவது இடத்தில் 9 வருகிறது, எச்-இண்டெக்ஸ் 8. மூன்றே தவறான வரிகள், இரண்டு புள்ளி ஏற்றம். நேர்மையாக 6-லிருந்து 7-க்கு ஏறவே, அந்த இரண்டு 6-களும் தலா ஒரு மேற்கோள் புதிதாகப் பெற வேண்டும். முதல் படியில் அவ்வளவு நேரம் செலவழித்ததற்குக் காரணம் இதுதான்.

கூடவே நடுமதிப்பையும் எழுதுங்கள். மேலே சொன்ன ஒன்பது கட்டுரைகளின் சராசரி 14.7, நடுமதிப்பு 9. ஒரே ஒரு கட்டுரை சராசரியை எப்படி இழுக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். தற்கோள்களை (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியவற்றை) நீக்கிய எண்ணையும் தாருங்கள், ஸ்கோபஸில் அதற்கென்றே தேர்வு இருக்கிறது. முதல் ஆசிரியராகவும் கடைசி ஆசிரியராகவும் உள்ளவற்றைத் தனியே எண்ணுங்கள். மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்தவர், கடைசிப் பெயர் வழிநடத்தியவர். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வுகள் போன்றவற்றில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், மேற்கோளும் ஆயிரக்கணக்கில் குவியும். அவற்றைச் சேர்த்து ஒரு கணக்கு, விட்டு ஒரு கணக்கு.

மேற்கோள் என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் லான்செட் சஞ்சிகையில் வந்தது, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அது குவித்த மேற்கோள்களில் பெரும்பகுதி அதை மறுப்பதற்காக வந்தவை. மேற்கோள் எண்ணிக்கை பாராட்டையும் மறுப்பையும் பிரித்துக் காட்டாமல் ஒன்று, ஒன்று என்றே கூட்டும். முதல் ஐந்து கட்டுரைகளுக்காவது, மேற்கோள் காட்டிய சிலவற்றைத் திறந்து படியுங்கள்.

படி 5: துறையோடு ஒப்பிடுங்கள்

இதய நோய்க் கட்டுரையையும் தொழுநோய்க் கட்டுரையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது, படிக்கும் கூட்டமே வேறு. இதற்கு அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஐசைட் என்ற இலவசப் பக்கம் உதவும். பப்மெட் எண்களை அப்படியே ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பு மேற்கோள் விகிதம் தரும். 1.0 என்றால் அந்த நிறுவனங்களின் நிதியில் வந்த அதே துறைக் கட்டுரைகளுக்கு நிகர், 2.0 என்றால் இரு மடங்கு. பப்மெட்டில் இல்லாத சஞ்சிகைகளுக்கு இது கிடைக்காது.

சஞ்சிகையின் இம்பாக்ட் ஃபேக்டரை ஆளின் தலையில் கட்டாதீர்கள். அது சஞ்சிகையின் சராசரி. ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று செய்தித்தாளில் வரும் பட்டியலைக் குறிப்பிட்டால், ஆயுள் முழுமைக்கான பட்டியலா, ஓராண்டுப் பட்டியலா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு.

படி 6: கூட்டுறவு வரைபடம்

விஓஎஸ்வியூவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ‘கிரியேட்’ அழுத்தி, நூல்விவரத் தரவிலிருந்து வரைபடம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பப்மெட் வடிவக் கோப்பில் உங்கள் விரிதாளில் தேறிய கட்டுரைகள் மட்டுமே இருக்க வேண்டும். அவற்றின் எண்களைப் பப்மெட் தேடல் பெட்டியில் ஒட்டி மறுபடி சேமித்தால் போதும். அடுத்து ‘கோ-ஆத்தர்ஷிப்’, அலகு ‘ஆத்தர்ஸ்’. 25 பேருக்கு மேல் ஆசிரியர் உள்ள கட்டுரைகளை ஒதுக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் படம் நூல்கண்டு ஆகிவிடும். குறைந்தபட்சக் கட்டுரை எண் 5 என்று இருக்கும். ஒரே ஆளின் பட்டியலுக்கு 2 அல்லது 3 வையுங்கள்.

முதல் படம் ஏமாற்றும். நடுவில் ஆய்வாளர், சுற்றிலும் எல்லாரும், சூரியகாந்திப் பூ மாதிரி. எல்லாக் கட்டுரையிலும் அவர் இருப்பதால் வேறெப்படி வரும்? கடைசித் திரையில் தேர்வான பெயர்களின் பட்டியல் வரும்போது ஆய்வாளரின் பெயரில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு மறுபடி வரையுங்கள். இப்போது குழுக்கள் தனித்தனித் தீவுகளாகப் பிரியும்: பழைய ஆய்வகத் தோழர்கள் ஒரு பக்கம், வெளிநாட்டுச் சோதனைக் குழு ஒரு பக்கம். தீவுகளை இணைக்கும் ஒன்றிரண்டு பெயர்கள் யார் என்று பாருங்கள், உண்மையான கூட்டாளிகள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒரே ஆள் இரண்டு புள்ளியாக வந்தால் நிகண்டுக் கோப்பு வேண்டும். நோட்பேடில் டேப் இட்டுப் பிரித்த இரண்டு நெடுவரிசைகள்: இடப்பக்கம் தவறான பெயர், வலப்பக்கம் இருக்க வேண்டிய பெயர். தலைப்பு வரியில் ‘லேபிள்’, ‘ரீப்ளேஸ் பை’ என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் பிழையின்றி எழுத வேண்டும். அதில் ஒரு எழுத்து தவறினாலும் கோப்பு வேலை செய்யாது.

படி 7: எழுதும்போது

எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, என்னென்ன நீக்கப்பட்டன என்ற மூன்றும் அதே வரியில் இருக்கட்டும். மேற்கோள்கள் தினமும் ஏறும், தளத்துக்குத் தளம் மாறும் என்பதால், ஸ்காலர் எண்ணையும் ஸ்கோபஸ் எண்ணையும் ஒரே அட்டவணையில் கலந்தால் அடுத்த ஆண்டு யாராலும் சரிபார்க்க முடியாது. பெயர் வடிவத் தாள், நிகண்டுக் கோப்பு, சந்தேகத்தில் நீக்கிய கட்டுரைகளின் தாள் ஆகிய மூன்றையும் தேதியிட்டு ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள்.